எங்கள் ஊருக்கு சாந்தா ரோசா இன்னும் வரவில்லை

மொந்தெவிதெயோ, ஆகஸ்ட் 21, 1966

டெல்மிரா,

இடுப்புக்கு மாவுக்கட்டுப் போட்டு என்னைக் கட்டிலோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசி வரை எழுந்திருக்கக் கூடாதாம். லாரியிலிருந்து குதிரையை இறக்கும்போது விழுந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பந்தயத்தில் விழுந்ததாகத்தான் வார்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து யாராவது பார்க்க வந்தால் உளறிவிடாமல் பார்த்துக்கொள்.

என் உடம்பு கிடக்கட்டும், சிங்கோலோ விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி நெடுந்தூரப் பந்தயம். ஹாசிந்தோ ஓட்டுவதாக ஒப்புக்கொண்டுவிட்டான். அதுவரை குதிரை ஒரு தும்மல்கூடத் தும்மக் கூடாது. அது உன் பொறுப்பு.

கவனமாகக் கேள். இரவும் பகலும் கம்பளிப் போர்வை அவன் முதுகிலேயே இருக்கட்டும். லாயக் கதவைச் சாத்தியே வை. முப்பதாம் தேதி சாந்தா ரோசா திருநாளை ஒட்டி வரும் புயல் அடித்து ஓய்ந்தால்தான் குளிர்காலம் போனதாகக் கணக்கு. அப்பாவும் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்கிறேன். புயல் போன பிறகு போர்வையை எடுத்துவிட்டு மயிரை ஒட்டக் கத்தரிக்க வேண்டும். அதற்கு முன் எதையும் தொடாதே. இளம்புல்லில் மேயவிடாதே, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

நீ கோபத்தில்தான் என்னை ரயிலேற்ற வரவில்லை என்று தெரியும். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகட்டும்.

எவாரிஸ்தோ

•

பாசோ டெல் தாலா, ஆகஸ்ட் 26

அண்ணா,

நீ பந்தயத்தில்தான் விழுந்தாய். சரியா? ஹாசிந்தோவின் அம்மா வரைக்கும் லாரிக் கதை தெரியும். ஆனால் உன் வார்டுக்கு வந்து சொல்ல யாருக்கும் ரயில் சார்ஜ் இல்லை, பயப்படாதே.

சிங்கோலோ நன்றாக இருக்கிறான். நீ சொன்னபடி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்க மாட்டான். இங்கே காலையில் வாளித் தண்ணீர் மேல் பனி ஆடை கட்டியிருக்கிறது. வெயில் ஏறியதும் நான் ஸ்வெட்டரைக் கழற்றுகிறேன். மதியம் கோழிகள் வண்டிக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்குகின்றன. சாயங்காலம் வடக்குக் காற்று நின்று தெற்கிலிருந்து ஒன்று கிளம்பினால் பல் கிடுகிடுக்கிறது. ஒரே நாளில் இவ்வளவும். நீயோ அவனை ஒரே போர்வையில் மூட்டை கட்டி வைக்கச் சொல்கிறாய்.

நேற்று மதியம் போர்வைக்கு அடியில் தோள் பக்கம் கையை விட்டேன். துவைத்துப் பிழியாத துணி மாதிரி இருந்தான். அந்த வேர்வையோடு தெற்குக் காற்றில் நின்றால் என்ன ஆகும்? குளிர் அவனை ஒன்றும் செய்யாது, நல்ல மயிர் இருக்கிறது. வேர்வை உடம்பிலேயே ஆறிப்போனால்தான் ஆபத்து. அதனால் காதின் அடியைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருந்தால் போர்வையை எடுத்துவிட்டு வைக்கோலால் தேய்த்து உலர்த்துகிறேன். உடம்பு உலர்ந்த பிறகுதான் மறுபடி போர்த்துகிறேன். ஈரக் குதிரைக்குப் போர்வை போடுவதே இல்லை. லாயக் கதவின் மேல்பாதியைத் திறந்தே வைத்திருக்கிறேன். சாத்திவைத்தால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கிறது. நம்பாவிட்டால் நீ வந்து அங்கே படுத்துப் பார்.

இப்போது என் விஷயம். போன பந்தயத் தாளில் சிங்கோலோ பெயர் போட்டு, ஹாசிந்தோ பெயர் போட்டு, அதற்குக் கீழே "பராமரிப்பு: எவாரிஸ்தோ அர்பீசா" என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்த அன்றுதான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன். நீ எழுந்து மாத்தேத் தேநீர் உறிஞ்சி முடிக்கும்போது நான் இரண்டாம் தீவனம் வைத்துவிட்டு வந்திருப்பேன். அந்தக் குதிரை தாய் வயிற்றிலிருந்து விழுந்தது என் மடியில். இந்த முறை அந்த இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும். வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

டெல்மிரா

•

மொந்தெவிதெயோ, செப்டம்பர் 1

டெல்மிரா,

வந்தது பார் சாந்தா ரோசா! நேற்று முன்தினம் மதியத்திலிருந்து விடியும் வரை அடித்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நான் காலையிலேயே வார்டில் சொல்லியிருந்தேன், என் இடுப்பில் ஒரு குடைச்சல் இருந்தது. எல்லோரும் அசந்துபோனார்கள். பக்கத்துக் கட்டில் தபால்காரர், "நீங்க ரேடியோவ விடப் பெரிய ஆளுங்க" என்றார்.

ஆகவே குளிர்காலம் போய்விட்டது. போர்வைக்கு இனி வேலை இல்லை. மயிரை இப்போதே கத்தரித்தால்தான் பந்தயத்துக்குள் உடம்பு பளபளவென்று வரும். சித்தப்பா மகன் சொய்லோவுக்கு எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கும் மெஷினோடு வருவான். அவனுக்குச் சோறு போடு.

பெயர் விஷயம். கிளப்பில் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொண்டாலும் ஊர் சிரிக்கும். "தங்கச்சிகிட்ட குதிரையக் குடுத்துட்டு எவாரிஸ்தோ கட்டில்ல படுத்துக்கிட்டான்" என்பார்கள். அர்பீசா குடும்பத்துக் குதிரை என்றால் மூன்று ஜில்லாவில் ஒரு மரியாதை இருக்கிறது. அதைக் கெடுக்காதே.

எவாரிஸ்தோ

•

பாசோ டெல் தாலா, செப்டம்பர் 5

அண்ணா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. சொய்லோ நேற்றே வந்துவிட்டான்.

நான் ஹாசிந்தோவின் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் லாயத்து வாசலில் சிங்கோலோ தோலுரித்த உருளைக்கிழங்கு போல நிற்கிறான். தரையெல்லாம் மயிர்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"அண்ணன்தான் லெட்டர் போட்டாருக்கா. சாந்தா ரோசா போயிருச்சாம்ல?"

"எங்க போச்சு? மொதல்ல இங்க வந்துச்சா?"

"மொந்தெவிதெயோல வந்துச்சாமே..."

"அப்ப மொந்தெவிதெயோ குதிரைக்குப் போய் மயிர வெட்ட வேண்டியதுதான?"

பாவம், சாப்பிடாமலே போய்விட்டான். துரத்தியது நான்தான், உனக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, இங்கே முப்பதாம் தேதி ஒரு சொட்டு விழவில்லை. தூரத்தில் இரண்டு மின்னல் வெட்டியது, புழுதி பறந்தது, அவ்வளவுதான். உங்கள் சாந்தா ரோசா உங்கள் கடற்கரையோடு முடிந்துவிட்டாள். எங்கள் ஊருக்கு அவள் இன்னும் வரவில்லை. சனிக்கிழமைகூட சிங்கோலோவின் கழுத்து மயிரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடக் கையோடு வரவில்லை. குளிர் இன்னும் போகவில்லை என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் உன் இடுப்புக்குத் தெரியவில்லை.

இன்று நல்ல வெயில். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு இல்லை.

டெல்மிரா

•

பாசோ டெல் தாலா, செப்டம்பர் 12

அண்ணா,

வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை ஜனவரிக் கோடை போலப் புழுக்கம். அப்புறம் வடக்குக் காற்று சட்டென்று நின்றது. தெற்கே வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பறந்துகொண்டிருந்த குருவி ஒன்றுகூட இல்லை. நான் போர்வையை எடுத்துக்கொண்டு லாயத்துக்கு ஓடுவதற்குள் ஆலங்கட்டி விழ ஆரம்பித்துவிட்டது. அதன் பின்னால் மழை. மழை என்றால் மழையில்லை, ஊசி. லாயத்துக் கூரையில் பாதி பறந்து போய் யூகலிப்டஸ் மரத்தில் மாட்டிக்கொண்டது. போர்வையும் நனைந்து கல்லாகக் கனத்தது. சிங்கோலோ மயிரில்லாத உடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றான். அவன் பல் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆமாம், முன்கூடத்துக்குத்தான். அம்மாவின் கண்ணாடி அலமாரியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் வைக்கோல் பரப்பி, அடுப்பை முட்ட முட்ட எரித்தேன். சொய்லோ புயலிலேயே குதிரையேறி வந்துவிட்டான். பயந்துபோயிருந்தான், அழாத குறைதான். "அக்கா, நான் என்ன பண்ணணும், சொல்லுக்கா" என்றான். "தேய்டா" என்றேன். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கை மரத்துப்போகும் வரை வைக்கோலால் தேய்த்தோம். தவிட்டுக் கஞ்சியை ஆளிவிதை போட்டுக் காய்ச்சி வெதுவெதுப்பாகக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உலர்ந்த உடம்புக்குப் போர்த்த உலர்ந்த கம்பளி வேண்டுமே! வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். உன் ஞாயிற்றுக்கிழமைக் கம்பளிப் போஞ்சோ, தலைவழியாக மாட்டுவாயே அது. வெளியே நீலம், உள்ளே சிவப்பு, அப்பா உனக்குக் கொடுத்தது. அவன் தலை நுழையும்படி கழுத்தைப் பெரிதாக வெட்டினேன், மார்புக்குக் குறுக்கே பட்டி வைத்துத் தைத்தேன். அவனுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. கேட்காமல் வெட்டியதற்கு வருத்தப்படவில்லை. நீ கேட்டுக்கொண்டா அவன் மயிரை வெட்டினாய்?

இப்போது இருமுகிறான். யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்து ஆவி காட்டுகிறேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியை மட்டும் கிழித்துத் தின்றான், சாந்தா ரோசா நாளையும் சேர்த்து. தீவனம் தொடவில்லை. பந்தயத்தைப் பற்றி என்னிடம் இப்போது கேட்காதே.

டெல்மிரா

•

மொந்தெவிதெயோ, செப்டம்பர் 16

டெல்மிரா,

அந்தப் போஞ்சோ! அதைப் போட்டுக்கொண்டு நான் தெருவில் இறங்கினால் ஆட்கள் வழிவிட்டு நிற்பார்கள். அதில் கத்தரிக்கோல் வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? முன்கூடத்தில் குதிரை! அம்மா இருந்திருந்தால் உன்னை...

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இது மறுநாள்.

அவன் சாப்பிடுகிறானா? அதை மட்டும் எழுது. கஞ்சியில் கொஞ்சம் கேரட்டைத் துருவிப் போட்டுப் பார். முடிந்தால் மூக்கில் வருவது தண்ணியாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்றும் எழுது. தபால்காரர் தினமும் கேட்கிறார், குதிரை எப்படி இருக்கிறது என்று. நன்றாக இருக்கிறது என்கிறேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறேன்.

சொய்லோவைத் திட்டாதே. அவன் நான் சொன்னதைத்தான் செய்தான்.

எவாரிஸ்தோ

•

பாசோ டெல் தாலா, செப்டம்பர் 21

அண்ணா,

சாப்பிடுகிறான். கேரட்டுக்குத்தான் மசிந்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். மூக்கில் தண்ணிதான், இப்போது அதுவும் நின்றுவிட்டது. இருமல் போய்விட்டது. நேற்று குதிரைமசால் புல்லுக்கட்டை அவிழ்ப்பதற்குள் என் கையிலிருந்தே பிடுங்கினான். நான் அடுப்படியில் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன். இதை யாரிடமும் சொல்லாதே.

சொய்லோ கூரையைத் திரும்ப வேய்ந்துவிட்டான். இப்போது அவன்தான் எனக்கு வலது கை. "அக்கா, காது சூடா இருக்கு, போர்வைய எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் தொடுகிறான்.

வானத்துக்கு இன்னும் புத்தி வரவில்லை. காலையில் மூடுபனி, மதியம் வெயில், மாலையில் தூறல். நான் சிங்கோலோ பின்னாலேயே போர்வையும் கையுமாக அலைகிறேன். வெயில் வந்தால் எடுக்கிறேன், மேகம் மறைத்தால் போடுகிறேன், தூறினால் உள்ளே கொண்டுபோய் முதுகைத் துடைக்கிறேன். ஹாசிந்தோவின் அம்மா வேலியோரம் நின்று, "ஏண்டி, புள்ள பெத்தவகூட இப்படிப் பாக்கமாட்டாடி" என்கிறாள். "உங்க புள்ள பந்தயத்துல ஓடுமா?" என்று கேட்டேன். "என் புள்ளதானடி ஏறி ஓட்டப் போறான்" என்று வாயை அடைத்துவிட்டாள்.

நேற்று ஹாசிந்தோ ஏறி ஆற்றுத்துறை வரை ஓட்டிப் பார்த்தான். இறங்கியதும் சிங்கோலோவுக்கு மூச்சு சீக்கிரம் அடங்கிவிட்டது. பந்தயத்துக்குத் தயாராகிவிடுவான். யார் என்ன சொன்னாலும் சொல்கிறேன், இந்த ஜில்லாவில் இப்படிப்பட்ட குதிரை வேறு இல்லை.

ஆனால் ஒன்று. "பராமரிப்பு" என்ற இடத்தில் உன் பெயர் இருந்தால் சிங்கோலோ இந்த வாசலைத் தாண்ட மாட்டான். லாரி வந்து நின்றாலும் ஏற்ற மாட்டேன். அவன் உயிரைப் பிடித்து வைத்தவள் நான். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், பந்தயம் முடியும் வரைதான் சிரிக்கும்.

டெல்மிரா

•

மொந்தெவிதெயோ, செப்டம்பர் 27

டெல்மிரா,

கிளப்புக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே. குதிரையை லாரியில் ஏற்று. ஏற்றும்போது பலகையில் வைக்கோல் போடு, வழுக்கும். எனக்குத் தெரியும்.

பாதி வழியில் குதிரைகளை நிறுத்தி டாக்டர்கள் நாடி பார்ப்பார்களே, அங்கே போர்வை எப்போது போடுவதாக இருக்கிறாய்? நான் சொல்லவில்லை, கேட்கிறேன்.

எவாரிஸ்தோ

•

பாசோ டெல் தாலா, அக்டோபர் 10

அண்ணா,

எல்லாவற்றையும் ரேடியோவில் கேட்டிருப்பாய். ஆனால் ரேடியோக்காரன் பாதியைத்தான் சொல்வான்.

விடியும்போது உறைபனி, புறப்படும்போது தூறல், வழியெல்லாம் வெயில். நிறுத்தத்துக்கு வந்தபோது எல்லாக் குதிரையும் வேர்வையும் சேறுமாக நின்றது. மேகம் வருகிறது என்று மற்றவர்கள் அவசர அவசரமாக ஈர முதுகில் கம்பளியைப் போட்டார்கள். நான் போடவில்லை. நீ கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான். நானும் சொய்லோவும் வேர்வையை வழித்தெடுத்தோம், தேய்த்தோம், நடக்கவைத்தோம். கையில் ஈரம் ஒட்டாத பிறகுதான் உன் போஞ்சோ. சிரித்தார்கள். "என்னம்மா, குதிரைய சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றான் ஒருவன். டாக்டர் நாடி பார்த்தபோது சிங்கோலோவுக்குத்தான் துடிப்பு முதலில் இறங்கியிருந்தது. அப்புறம் அந்த ஆள் சிரிக்கவில்லை.

அந்த டாக்டர்தான் கேட்டார், "இந்தக் குதிரைய யாரு பாத்துக்கறது?" என்று. பக்கத்தில் ரேடியோக்காரன் மைக்கோடு நின்றான். பந்தயத் தாளைப் பார்த்து உரக்கப் படித்தான். "பராமரிப்பு: திருவாளர் டெல்மிரோ அர்பீசா!"

டெல்மிரோ! அண்ணா, நீ ஒழுங்காகத்தான் எழுதினாயாம். கிளப் செயலாளர் பிறகு என்னிடம் சொன்னார். "எவாரிஸ்தோ கையெழுத்துல தப்பு வுட்டுட்டாருன்னு நெனச்சு நான்தாம்மா திருத்துனேன்" என்றார். பராமரிக்கிறவன் ஆணாகத்தானே இருக்க முடியும்! ஒற்றை எழுத்தை மாற்றி எனக்கு மீசை வைத்துவிட்டார்கள்.

நான் போய் ரேடியோக்காரன் சட்டைக் கையைப் பிடித்தேன். கையில் சேறு, அவன் சட்டை வெள்ளை. "திருத்திப் படிங்க" என்றேன்.

"நீங்க யாரும்மா? அவரு சம்சாரமா?"

"அவரே நான்தான். டெல்மிரா. கடைசி எழுத்து 'ரா'. ரோடு முழுக்கக் கேக்குற மாதிரி படிங்க."

படித்தான். இரண்டு தரம் படிக்கவைத்தேன்.

இரண்டாவதாக வந்தான் சிங்கோலோ. ஒரு கழுத்து நீளத்தில் முதலிடம் தவறியது. ஜெயித்த குதிரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. நம்முடையவன் ஹாசிந்தோ இறங்குவதற்குள் சொய்லோ பையில் வைத்திருந்த சோளத்தைத் தேட ஆரம்பித்துவிட்டான். நான் முதல் பரிசைப் பார்க்கவேயில்லை. பந்தயத் தாளை மடித்து அம்மாவின் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். "ரோ"வைப் பேனாவால் அடித்து "ரா" போட்டிருக்கிறேன்.

நீ கிளப்புக்கு எழுதினாய் என்று தெரிந்த பிறகு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. நீ வந்தால் போய்விடும். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

டெல்மிரா

•

மொந்தெவிதெயோ, அக்டோபர் 14

டெல்மிரா,

வார்டில் இருந்த எல்லோரும் என் கட்டிலைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். தபால்காரர் ரேடியோவை என் வயிற்றின் மேலேயே வைத்துவிட்டார். "டெல்மிரோ" என்று அவன் படித்ததும், "டேய், ரா! ரா!" என்று கத்தினேன். மாவுக்கட்டு விரிசல் விட்டுவிட்டது. நர்ஸ் ஓடி வந்து ரேடியோவைப் பிடுங்கப் பார்த்தாள். அதற்குள் மைக்கில் உன் குரல். உன் குரல் மொந்தெவிதெயோ வரை வரும் என்று நான் நினைத்ததில்லை. உனக்கு அதற்கு ரேடியோகூட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

போஞ்சோவை அவனே வைத்துக்கொள்ளட்டும். என்னை விட அவனுக்குத்தான் தோள் அகலம். அடுத்த வருஷம் சாந்தா ரோசா வந்துவிட்டாளா இல்லையா என்று நீயே பார்த்துச் சொல். நீ சொல்லும் வரை எந்தக் கத்தரிக்கோலும் லாயத்துக்குள் வராது.

லாரியிலிருந்து விழுந்ததையும் இவர்களிடம் சொல்லிவிட்டேன். நாளெல்லாம் சிரித்தார்கள்.

பந்தயம் முடிந்து கைதட்டி ஓய்ந்ததும் தபால்காரர் கேட்டார், "அந்தம்மா உங்க குதிரையப் பாத்துக்கற ஆளாங்க?" என்று. என்னால் எழுந்து உட்கார முடியாது, ஆனாலும் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னேன்.

"குதிரை அவளோடதுங்க" என்றேன். "நான் டெல்மிராவோட அண்ணன்."

எவாரிஸ்தோ